குழாயை நான் மாற்றவில்லை

ஓடன்ஸே,
அக்டோபர் 14

புற்றுநோய் ஆய்விதழின் ஆசிரியர் திரு. மோயன்ஸ் க்விஸ்ட் அவர்களுக்கு,

ஓயாத இந்த மழையிலும் தாங்களும் தங்கள் வீட்டாரும் இருமல் சளியில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன்.

என் பெயர் இங்கலிஸ் ஃப்ரீஸ். பேராசிரியர் தோர்கில் ராஸ்கின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக எலிகளுக்கு ஊசி போடுகிறவள். அவர் அனுப்பிய கட்டுரையை அடுத்த இதழில் போடப்போகிறீர்களாம். தயவுசெய்து போடாதீர்கள்.

குடலில் வரும் கட்டிக்குள் கோடிக்கணக்கில் செல்கள் இருந்தாலும், மேற்பரப்பில் ஒரு புரதத்தைக் கொடி மாதிரி ஏந்தியிருக்கும் கொஞ்சம் செல்கள்தான் விதையாம். அவைதான் புற்றுநோய் ஸ்டெம் செல்களாம். கொடியில்லாதவை சும்மா கூட்டமாம். கொடியுள்ளதைக் கொன்றால் கட்டி தானாகப் பட்டுப்போகுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடியில்லாத செல்கள் இருந்த சோதனைக்குழாயிலிருந்து எடுத்து ஆறு எலிகளுக்கு என் கையால் ஊசி போட்டேன், இரண்டுக்குக் கட்டி வந்துவிட்டது!

ஓடிப்போய்ச் சொன்னேன். தோர்கில் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"குழாயை மாத்திப் போட்டுட்டே, இங்கலிஸ்."

"நான் மாத்தலை."

"அப்போ எலி மாத்திச்சா?"

கூடமே சிரித்தது. எங்களிடம் ஒரு வழக்கம்: தப்புச் செய்தவர் வெள்ளிக்கிழமை காபிக்கு எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், அதனால் நான் கொண்டுபோகவில்லை, உடனே அந்த மனுஷன் என் முன்னால் காலித் தட்டை வைத்தார், அடுத்த வெள்ளி பலகையில் என் பெயரை எழுதி அடிக்கோடு போட்டார், அதற்கடுத்த வெள்ளி தேங்காய்த்துருவல் கேக் செய்வது எப்படி என்று எழுதி என் மேஜையில் ஒட்டினார், "நாலு முட்டை போதும், பிடிவாதம் வேண்டாம்" என்று கீழே ஒரு குறிப்பு வேற! இதற்கு நடுவில் அந்த இரண்டு எலிகளையும் கட்டுரையிலிருந்து தூக்கிட்டாரு சார், ஆறு எலி நாலு எலியாயிடுச்சு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குழாயை நான் மாற்றியிருப்பேனா? என்னைப் பார்த்து யார் அப்படிச் சொல்வது, தன் சைக்கிள் பூட்டின் சாவியையே வாரம் ஒருமுறை தொலைக்கிற ஆளா!

கேக் போகட்டும். கொடியுள்ள செல்களை மட்டும் கொல்லும் மருந்தை அடுத்த மாதம் முதல் தேதி நோயாளிகளுக்குக் கொடுக்கப்போகிறார்கள். உங்கள் இதழில் வந்த பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் தெருக்கோடி வீட்டு ஆக்ஸெல் அந்தப் பட்டியலில் இருக்கிறார். பழைய மருந்தை நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நேற்று தன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க ஆளுங்க மருந்து வேலை செய்யும்ல, இங்கலிஸ்? நீ கை வச்சதுன்னுதான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்" என்றார். கொடியில்லாத செல்களிலிருந்தும் கட்டி வருமானால் அவருக்கு அந்த மருந்து எதற்கு ஆகும்?

என் வார்த்தையை நம்புங்கள். தங்கள் பேனாவுக்கும் கண்பார்வைக்கும் ஒரு குறையும் வராமலிருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இங்கலிஸ் ஃப்ரீஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன், ஊசி போட்ட தேதியைச் சரிபார்க்க என் குறிப்பு நோட்டை எடுத்தேன். கட்டி வந்த அந்த இரண்டு எலிகளுக்கு நேராக "கொடியுள்ள குழாய்" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்தேதான். நான்தான் மாற்றியிருக்கிறேன்.

அப்படியே உட்கார்ந்திருந்தபோது தோர்கில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. என் மூக்கை உடைக்கவேண்டும் என்றே கொடியில்லாத செல்களை யாருக்கும் தெரியாமல் தன் கையாலேயே வேறு ஆறு எலிகளுக்குப் போட்டிருக்கிறார். ஐந்துக்குக் கட்டி. அந்தக் கட்டிகளைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றில் கொடியுள்ள செல்களாம், கொடி இல்லாதவையே புதிதாகக் கொடியை ஏந்திக்கொண்டிருக்கின்றன.

"நீ மாத்தலை இங்கலிஸ். என்னை மன்னிச்சிடு" என்றார்.

நோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை, தோர்கில்" என்றேன்.

புது மருந்தைத் தொடங்க வேண்டாம் என்று சொல்ல மருத்துவமனைக்கு இப்போது போன் செய்துகொண்டிருக்கிறார். ஆக்ஸெலிடம் சாயங்காலம் நானே போய்ச் சொல்வேன். கட்டுரை வேண்டாம் என்று தோர்கிலே உங்களுக்கு எழுதுவார், அப்படியே செய்யுங்கள்; அதற்குள் அச்சேறிவிடக் கூடாதே என்றுதான் இதை அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் அவர் கண்ணில் படாமல் எரித்துவிடுங்கள். அந்த மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை.