சுவரைத் தொடாதீர்கள் என்ற மைத்துனருக்கு

பாசத்துக்கும், என்மேல் துளியும் நம்பிக்கை இல்லாததற்கும் பேர்போன அருமை மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் சின்னக்காவும் சௌக்கியம். ஒரே ஒரு கட்டைவிரல் நகம் மட்டும் கறுத்திருக்கிறது, அது என்னுடையது. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உன் டிரில் மெஷினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் என்ன சொன்னாய்? "அத்தான், தயவுசெஞ்சு சுவத்துல கை வைக்காதீங்க. அடுத்த மாசம் நானே வந்து மாட்டித் தர்றேன்." இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாயா? படம் மாட்டியாகிவிட்டது. ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரே, நானே என் கையால் மாட்டினேன். நீ வருவதானால் கையை வீசிக்கொண்டு வா.

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பாய். உனக்குத் தெரியாததா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உன் சின்னக்கா ஓவியம் கற்றுக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காய்வதை இரண்டு மாதம் வரைந்தாள். முடித்த கையோடு உங்கள் பெரியக்காவிடம் காட்டினாள். அந்த மகராசி, யார் வீட்டுத் துணிடி இது, இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான், படம் பீரோவுக்குப் பின்னால் போனது, தூரிகைகள் டப்பாவுக்குள் போயின, எட்டு மாதம் இவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. தெரியாமல் எடுத்துப்போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தேன். பெரியக்கா இந்தச் சனிக்கிழமை வருவதாகச் செய்தி. அவள் உள்ளே நுழையும்போது படம் சுவரில் இருக்க வேண்டும், என் மனைவி மறுபடி தூரிகையைத் தொட வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

முப்பத்துநாலு வருஷம் நிலம் அளந்தவனுக்கு ஒரு சுவர் பெரிதா என்று திங்கட்கிழமை காலையிலேயே இறங்கினேன். நீளம் அகலம் மூன்று முறை அளந்து, மையம் பிடித்து, பென்சிலால் குறி வைத்து அடித்தால் முதல் ஆணி வளைந்தது, இரண்டாவது உள்ளே போனது, கூடவே ஒரு கைப்பிடி காரை வெளியே வந்தது, மூன்றாவது அருமையாக இறங்கியது, ஆனால் படம் ஒரு சாண் மேலே ஏறி நின்றது, ஏனென்றால் சட்டத்தின் மேல்விளிம்பு வரவேண்டிய இடத்தில் ஆணியை அடித்திருக்கிறேன், கயிறு இருப்பதோ அதன் முதுகில். நான்காவதை அடிக்கையில் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து பதிலுக்குத் தட்டினார், அதில் பதறித்தான் நகம் போனது. ஐந்தாவது நின்றது. மற்ற நான்கு துளைகளும் படத்துக்குப் பின்னால் அடக்கம். இத்தனைக்கும் உன் சின்னக்கா சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை; எதுக்கு இந்த வேண்டாத வேலை என்றதோடு சரி.

மாட்டிவிட்டு சோபாவில் சாய்ந்து பார்க்கிறேன், படம் கோணலாக இருக்கிறது. சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நிற்கிறது. உட்கார்ந்தால் மறுபடி கோணல். தரையைச் சோதித்தேன், கூரையைச் சோதித்தேன், சோபாவின் கால்களைச் சோதித்தேன், கண் டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தேன். புதன்கிழமை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் குற்றவாளி அகப்பட்டான்: படத்துக்குள்ளே இருக்கும் துணிக்கொடி. அதுதான் ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது. உடனே ரசமட்டத்தைக் கண்ணாடிமேல் அந்தக் கொடியோடு ஒட்டிப் பிடித்து, குமிழி நடுவுக்கு வரும்வரை சட்டத்தைச் சாய்த்தேன். கொடி நேரானது. சட்டம் கோணலானதைப் பற்றி யாருக்குக் கவலை?

உன் சின்னக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன். இரண்டு நாளாக ஹாலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், எட்டு மாதம் கழித்துத் தன் படத்தைப் பார்க்கிறாள். கண்ணாடிக்கு அருகே குனிந்து கொடியைப் பார்த்தாள். பிறகு, "அந்த வீட்டுல கொடியே சாய்வாத்தான் கட்டியிருக்காங்க. இருக்கறதைத்தான் நான் வரைஞ்சேன். அதை நிமித்த நீங்க யாரு?" என்றாள். அந்தப் படத்துக்காக அவள் போட்ட முதல் சண்டை அது.

நான் விடுவேனா? பரணிலிருந்து என் பழைய அளவைக் கருவியை இறக்கி, அவள் உட்கார்ந்து வரைந்த அதே ஜன்னலில் அதே உயரத்தில் நிறுத்தி, எதிர்வீட்டுக் கொடியின் சாய்வை அளந்தேன். வீட்டை இடிக்கப்போகிறார்களோ என்று அந்த வீட்டுக்காரி பதறி ஓடிவந்து விசாரித்தாள், அது தனிக் கதை. நாலு டிகிரி வந்தது. படத்தில் இருப்பதை அளந்தேன். அதுவும் நாலு டிகிரி! கருவி இல்லை, அளவுச் சங்கிலி இல்லை, வெறும் கண். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு ஆள் இருந்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளிடம் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டத்தை மரியாதையாக நேராக்கினேன். கொடி இஷ்டப்படி சாய்ந்து கிடக்கட்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மைத்துனரே. ஊரையே கூப்பிட்டுச் சொல்லலாம் போலிருக்கிறது, முதலில் உனக்குச் சொல்கிறேன்.

ஆகவே அந்த டிரில் மெஷினைத் துடைத்து உறைக்குள் போட்டுவை. இந்த வீட்டில் இனி சுவர் விவகாரம் எல்லாம் என் பொறுப்பு. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் என்னைவிட உயரமாகவும் உன்னைவிடப் புத்தியோடும் வளர்ந்து நீடூழி வாழட்டும். உனக்கும் என் ஆசி உண்டு, மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
வென்று காட்டிய அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பெரியக்கா வந்து இறங்கிவிட்டாள், ஒரு நாள் முன்னதாகவே. நேரே படத்தின் முன்னால் போய் நின்று, கொடி சாஞ்சிருக்கே என்றாள். "ஆமா, நாலு டிகிரி" என்றாள் உன் சின்னக்கா, அசராமல். பெரியக்கா அரைமணி நேரம் டீயைக்கூடத் தொடாமல் பார்த்தாள். அப்புறம் ஒரே பிடிவாதம், இது எனக்கு வேணும், என் வீட்டு ஹாலில் மாட்டணும் என்று. படம் போயே போய்விட்டது. சுவரில் ஐந்து துளைகள் என்னை முறைக்கின்றன. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். டிரில் மெஷினோடு உடனே புறப்பட்டு வா. பெரியக்கா வீட்டுச் சுவரில் நான் கை வைக்கக் கூடாதென்று இரண்டு அக்காக்களும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள், நீதான் மாட்டியாக வேண்டும். ஒன்று மட்டும் கவனம். காரில் ஏற்றப்போன படத்தை உன் சின்னக்கா நிறுத்தி, பின்பலகையைக் கழற்றச் சொல்லி, தூரிகையை எடுத்து வந்து கீழ் மூலையில் தன் பெயரை எழுதினாள். காயும்வரை பெரியக்காவைக் காக்கவைத்துவிட்டு உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள்: "அக்கா வீட்டு சோபா என் பேரை மறைக்காம மாட்டச் சொல்லுங்க."