பின்பக்கம் மடக்கி அடித்த ஆணி

என் மதிப்புக்குரிய குன்வோர் அக்காவுக்கு, தம்பி ஹில்டிங் வணக்கத்தோடு எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் பூனைக்கு வேளாவேளைக்கு மீன் கொடுத்து நீ அதைக் கெடுத்து வைத்திருப்பாய் என்பதும் தெரியும். இங்கே என் நிம்மதியைத் தவிர எல்லாம் சௌக்கியம். பையனைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் திரும்புகிறேன் என்று கிளம்பியவன், பனி விழுந்த பிறகும் தெற்கே பல்கலைக்கழகத்திலேயே கிடக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்கிறாயாம். நடந்ததைப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உன் மருமகன் சிக்ஸ்டன், விலாங்கு மீன் எப்போது ஆற்றை விட்டுக் கடலுக்குக் கிளம்புகிறது என்று ஆராய்ச்சி செய்கிறான் அல்லவா? நாலு வருஷம் சம்பளம், அதற்குள் முனைவர் பட்டம். அவன் பார்த்த விலாங்கெல்லாம் கிளம்பிப் போய் முட்டையும் போட்டாயிற்று, இவன் கிளம்பவில்லை. ஏனென்றால் இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான குழு எதிலாவது வேலை பார்த்தால், அதற்கு ஈடாகச் சம்பளத்தைச் சில வாரம் நீட்டித்துத் தருவார்கள். எழுத அவகாசம் போதவில்லை என்று இவன் ஒரு குழுவில் சேர்ந்தான். அந்தச் சில வாரத்தைக் குழுவே தின்றுவிட்டது. அதைச் சரிக்கட்ட இன்னொரு குழு. நான் வந்து இறங்கியபோது ஐயா பயிற்சிக் குழு, காபிக் குழு, சவுனா என்கிற நீராவிக் குளியல் குழு, புதியவர்களை வரவேற்கும் குழு எல்லாவற்றிலும் இருந்தார். இனி நீட்டிப்பே கிடையாது, டிசம்பரோடு சரி என்று அவனுக்கு வழிகாட்டும் பேராசிரியர் மார்கரெட்டா சொல்லிவிட்டார். ஆய்வேட்டை அச்சடித்து, கூடத்தின் நடுவே நிற்கும் மரப்பலகையில் எல்லார் முன்னிலையிலும் சுத்தியலால் ஆணி அடித்து மாட்ட வேண்டும். மூன்று வாரம் தொங்கினால்தான், வெளியாள் கேள்வி கேட்க இவன் பதில் சொல்லும் வாதத்துக்கு அனுமதி. அதற்கு நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை கெடு. தவறினால் சம்பளமும் போச்சு, பட்டமும் போச்சு.

"நீ எழுதுடா, நான் சமைக்கிறேன்" என்றேன். "இதோ வந்துட்டேன்பா, ஒரு வகுப்பு இருக்கு" என்று ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். ஆய்வேட்டைக் காலத்தில் முடிப்பது எப்படி என்று நாள் முழுக்கப் பயிற்சி. நடத்தியது யார் என்கிறாய், நம்ம பையன்தான். அவனிடம் பயிற்சி எடுத்தவர்களில் பாதிப் பேர் முடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். பின்வரிசையில் தூங்கிய எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

அப்புறம் இந்தக் காபி வேளை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. வராதவனுக்கு மனசு சரியில்லை என்று அர்த்தமாம், ஆறுதல் சொல்ல ஒரு கும்பல் கிளம்பிவிடும். காய்ச்சல் என்று பொய் சொல்லி சிக்ஸ்டனை அறையில் வைத்துப் பூட்டினேன். ஐந்து பேர் சூப்போடு வந்து நின்றார்கள். அதில் தூவா என்று ஒரு பெண், பாசி ஆராய்ச்சி செய்கிறவள், சொல்கிறாள்: "அவன் வரலன்னா பரவால்ல, ஹில்டிங் மாமா. நீங்களாச்சும் வாங்க. அவன் நாற்காலி காலியா இருந்தா நல்லாவா இருக்கு?" பையன் எழுதட்டுமே என்றுதான் அக்கா போனேன், வேறெதற்குமில்லை. பலகாரம் கொண்டுபோகும் முறை எனக்கு வந்தபோது ஏலக்காய் பன்னும் சுட்டேன். ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னாங்க. என் வீட்டுக்காரி பிர்கிட் போனதுக்கப்புறம் என் கோப்பைல இன்னொருத்தர் காபி ஊத்தினது இங்கதான். அது கிடக்கட்டும்.

ஆணி அடிக்கும் நாள் வந்தது. கூடம் நிறைய ஆட்கள், மேசை நிறைய கேக். சிக்ஸ்டன் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அடிக்கவில்லை. "அப்பா, நாலாவது அத்தியாயத்துல ஒரு வரைபடம் தப்பு. நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்கிறான். "நாளைக்குக் கதவே திறக்க மாட்டாங்கடா" என்றேன். என் காதருகே வந்து, "இத அடிச்சுட்டா, நாளைலருந்து நான் எங்கப்பா போய் உட்காருவேன்?" என்று கேட்டான். என் சட்டைப்பையில் கிடந்த படகு ஆணியை வைத்து, அவன் கைமேல் என் கையை வைத்து அடித்தேன். ஆயுசு முழுக்கப் படகு கட்டிய கையாச்சே, அதோடு நிற்கவில்லை. பலகைக்குப் பின்னால் போய், வெளியே நீட்டிய முனையையும் மடக்கி அடித்துவிட்டேன். "இங்க லேசா அடிக்கிறதுதான் வழக்கம். திரும்பக் கழட்டணுமில்ல" என்றார் பேராசிரியர்.

திங்கட்கிழமை காலையில் என் மகன், அதைக் கழற்றி வரைபடத்தைத் திருத்தப் போகிறேன் என்று குறட்டோடு போனான். கழற்றினால் மூன்று வாரக் கணக்கு செல்லாது. நான் பின்னாலேயே ஓடினேன். இழுத்தான், தொங்கினான், குறடுதான் உடைந்தது. தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவன், என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். அன்றைக்கு மதியம் காபிக்கே போகாமல் தூங்கினான்.

நேற்று வாதம் முடிந்தது. நார்வேயிலிருந்து கேள்வி கேட்க வந்த அம்மாள் முதலில் அந்த வரைபடத்தைத்தான் பிடித்தாள். "ஆமா, அது தப்புதான்" என்றான். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்று அடுத்த பக்கம் போய்விட்டாள். அவ்வளவுதான் அக்கா, பட்டம் கிடைத்துவிட்டது. இனி இந்தக் காபிக் கும்பலுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. திங்கள் ரயிலில் வருகிறேன். வீட்டு அடுப்பைப் பற்றவைத்து வை.

உனக்கும் அத்தானுக்கும் சுகமும் நல்ல தூக்கமும் கிடைக்கக் கடவுளை வேண்டும்,
உன் தம்பி ஹில்டிங்

பின்குறிப்பு: திங்கள் ரயிலில் வருவது நானில்லை, சிக்ஸ்டன். நம்ம ஆற்றங்கரை மீன் நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டுச் சாவியை அவனிடம் கொடு. அவன் நாற்காலி காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு தூவா மறுபடி சொல்லிட்டா. காபிக் குழுல என்னைச் சேர்த்தாச்சு. அவளும் வசந்தத்துல ஆணி அடிக்கணும், இப்பவே நாளைக்கு நாளைக்குங்குது அந்தப் பொண்ணு. இந்தப் பக்கம் யாராவது வந்தா பூனைய மட்டும் அனுப்பி வை.