டாக்டர் காலில் விழுந்த கதை

யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு மூளையைக் கேட்காமலே நடந்துவிடும். ஆவடி பஸ்ஸில் அடுத்தவர் பை மீது கால் பட்டால், பையையும் ஒற்றிக்கொள்வேன்.

நர்ஸாகச் சேர்ந்த புதிதில் ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும் என்று எனக்கு வெறி. ஒருவழியாக வாய்ப்பு வந்தது. முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கிய கவுனும் கையுறையும் மாட்டி, கைகளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நுழைந்தேன். (இனி மூக்கு அரித்தாலும் அரிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.)

"கண்டதைத் தொட்டியோ, நாளைலேர்ந்து வார்டுதான்" என்றார் தியேட்டர் பொறுப்பாளரான ஸ்டெல்லா சிஸ்டர்.

மேசையில் நூம்பலைச் சேர்ந்த ஆட்டோக்காரர் ஒருவர், குடலிறக்க ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

கருவிகள் இருந்த ட்ராலி பக்கம் திரும்பியபோது டாக்டரின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். அவ்வளவுதான்! சடாரென்று குனிந்து, அந்த அறையிலேயே அழுக்கான பொருளான அவருடைய செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் தலையைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டார்.

"சார்! இன்னா சார், சிஸ்டர் உங்க கால்ல வுழுது? நான் பொழைக்க மாட்டனா? மறைக்காம சொல்லு சார்!"

"ஒண்ணும் இல்லைப்பா, அது சும்மா…"

"சும்மா எவனாச்சும் கால்ல வுழுவானா?"

அவருடைய ரத்த அழுத்தம் எகிறியது. அது இறங்குவதற்குள் நான் மறுபடி கழுவி, புதுக் கவுனுக்கு மாறி வந்துவிட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிஸ்டர் என்னிடம் ஒரே வார்த்தைதான் பேசினார்: "வார்டு." கழிவறையில் போய் அழுதேன்.

அன்று மாலையே ஆட்டோக்காரரின் மனைவி என்னைத் தேடிக்கொண்டு தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் மாங்காடு கோயில் குங்குமம்.

"எங்க ஊட்டுக்காரரு உசிருக்காக டாக்டர் கால்ல வுழுந்து அழுதியாமே கண்ணு! கூடப் பொறந்தவகூட செய்யமாட்டா" என்று என் நெற்றியில் இட்டுவிட்டு, சிஸ்டர் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணை வுட்றாதீங்கம்மா."

உண்மையைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு, "நாளைக்குத் தியேட்டருக்கே வந்து தொலை" என்றார்.

இன்றும் தியேட்டரில்தான் இருக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் யாருக்காவது தும்மல் வந்தால் போதும், என் கணவர் ஆரம்பித்துவிடுவார்: "கவலைப்படாதே, அம்மா யார் கால்லயாவது விழுந்து காப்பாத்திடுவா!"