டாங்கிக்கு ரப்பர் போட்ட கர்னல்

எந்தப் பட்டாளத்திலும் சேராமல் கர்னல் ஆனவர் தருமபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். மொரப்பூர் ரோட்டில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை வைத்திருப்பவர். காக்கிச் சட்டை தவிர வேறு எதுவும் போட்டு யாரும் பார்த்ததில்லை, அதனால் கர்னல். எங்கள் கல்லூரி வாட்ச்மேன் அவருக்கு விறைப்பாக சல்யூட் அடிப்பார். அவருடைய சொந்தப் பெயர், அதே கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்லூரி வாசலில் காட்சிக்காக ஒரு பழைய ராணுவ டாங்கி நிற்கிறது. தங்கை மகளின் அட்மிஷனுக்காக வந்த கர்னல், அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். சங்கிலிப் பட்டைக்குள் வரிசையாக இருக்கும் சக்கரங்களின் விளிம்பில் ரப்பர் உண்டு. கட்டைவிரலால் அழுத்தினார், பழைய ரஸ்க் போல உதிர்ந்தது. அட்மிஷனை மறந்து நேரே என் மேஜைக்கு வந்து, எல்லாச் சக்கரத்துக்கும் தானே ரப்பர் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

அதில் என்ஜினே இல்லை, அந்த இடத்தில் மைனா குடியிருக்கிறது, ஓடாத வண்டிக்கு ரப்பர் எதற்கு என்று கேட்டேன்.

"நிக்கற வண்டிக்குத்தானுங்க சார் கால் வலிக்கும்" என்றார்.

பிரின்சிபாலிடம் போய் அதையே சொன்னேன். அவர் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். அந்தக் குழப்பத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார்.

இடது பக்கச் சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டாங்கியை எடைக்குப் போடுகிறார்கள் என்றது பி.காம். சண்டை வரப்போகிறது என்றது பி.எஸ்சி. விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குக் கர்னலே நீண்ட விளக்கம் கொடுத்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், டீ குடித்தார், போய்விட்டார்.

முதல் சக்கரத்தின் பழைய ரப்பரைச் செதுக்கி எடுத்து, புதியதைச் சுற்றி, ரப்பர் இறுகிப் பிடிக்கப் பட்டறையில் வேகவைத்துக் கொண்டுவந்தார். மினி லாரியிலிருந்து இறக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் போனது. ரப்பர் வளையல் போலக் கழன்று கேன்டீன் பக்கம் உருண்டது. எதைத் துரத்துவது என்று கொஞ்ச நேரம் நடுவில் நின்றவர், ரப்பரின் பின்னால் ஓடினார். இரும்பைப் பளபளவென்று தேய்த்து, பசை தடவி, மறுபடியும் வேகவைத்தார். இந்த முறை சம்மட்டியால் அடித்தும் ரப்பர் இரும்பை விடவில்லை.

இடது பக்கம் முடிந்த சமயத்தில், வாசலை அகலப்படுத்துவதற்காக டாங்கியைத் தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று. பொக்லைனில் கட்டி இழுத்தார்கள். புது ரப்பரும் கிரீஸுமாக இடது பக்கம் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. துருப்பிடித்த வலது பக்கம் அசையவில்லை. டாங்கி மெல்ல அரை வட்டம் போட்டு, பீரங்கிக் குழாயைப் பிரின்சிபால் அறை ஜன்னலுக்கு நேராக நீட்டி நின்றது. வெளியே ஓடிவந்த பிரின்சிபால், இப்படி நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

கர்னல் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"என் பக்கம் ஓடுச்சு பாத்தீங்களா சார்."

பிரின்சிபால் தன் நாற்காலியைச் சுவரோரம் மாற்றிக்கொண்டார். வலது பக்க வேலை இப்போது நடக்கிறது. இதெல்லாம் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் சாப்பாட்டு இடைவேளையில், வேறு யாரையும் விடாமல், நானேதான் போய் அவருக்கு ஜாக்கி பிடிக்கிறேன்.