ஒட்டகத்துக்குப் பின்னால் ஒரு கிறிஸ்துமஸ்

முகூர்த்த நாளில் எங்கள் கொங்குப் பக்கத்து ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே காலையில் மூன்று கல்யாணத்துக்குப் போவோம். ஒரு மண்டபத்தில் மொய், அடுத்ததில் டிபன், இன்னொன்றில் மேடையேறி போட்டோ. மூன்று வீட்டாருமே நாங்கள் தாலி கட்டும்வரை தங்களுடன்தான் இருந்தோம் என்று நம்புவார்கள். இதற்குத் ‘தலையைக் காட்டிட்டு வாரது’ என்று பெயர். இந்தக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தக் கிறிஸ்துமஸ் வரைக்கும்.

நான் காந்திபுரத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். (நாள் முழுக்கப் பேச்சு, நடுநடுவே கொஞ்சம் தையல்.) அரையாண்டு லீவு விட்ட அன்றைக்கு, கருமத்தம்பட்டியிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

“அம்மணி, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிழக்கால இருக்கற பார்க்குக்குப் போலாம். பேண்டு வாசிக்கறாங்களாமா, ஆளுசரத்துக்கு கேக்கு வெட்டறாங்களாமா. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தரோணும்.”

“வந்தர்றோங்கண்ணா.”

போனை வைக்கவில்லை, கொடுமுடியிலிருந்து நங்கையா. (வீட்டுக்காரருடைய அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

“கண்ணு, கிறிஸ்துமஸுக்கு கோயமுத்தூர் வாரேன். மேக்கால இருக்கற பார்க்குல மிசினு வெச்சு பனி கொட்டறாங்களாமா. யாழினிக்குக் காட்டோணும்.”

“சரிங்க நங்கையா.”

இரண்டு பேரையும் ஒரே பார்க்குக்கு வரச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். என் மகள் யாழினியின் காதுகுத்துக்கு நங்கையா மண்டபத்தில் நுழைந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் இது சின்னக் குற்றமில்லை. அண்ணனோ, தறிக்கு நூல் வரவில்லை என்று போனில் பேசிக்கொண்டிருந்தேன், ஆனால் தலையாட்டினேன் என்கிறார். “தலையாட்டிக் கூப்படறதுக்கு நானென்ன ஆட்டோவா?” என்கிறார் நங்கையா. மூன்று வருஷமாகப் பேச்சே இல்லை. ஒருவரோடு நான் ஊர் சுற்றியது மற்றவருக்குத் தெரிந்தால், யாழினிக்கு மாமன் வீடோ அத்தை வீடோ, இரண்டில் ஒன்று போச்சு.

“யாராச்சும் ஒருத்தருகிட்ட முடியாதுன்னு சொல்லிப்போடு” என்றார் வீட்டுக்காரர்.

முடியாது என்று சொல்லும் வாயா இது? நான் முகூர்த்தக் கணக்கு போட்டேன். காலையில் கிழக்கு, மத்தியானம் மேற்கு. இரண்டிலும் தலையைக் காட்டினால் தீர்ந்தது!

கிழக்குப் பார்க்கில் எல்லாம் ஜோர். வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த குண்டுக் கிறிஸ்துமஸ் தாத்தா, பஞ்சுத் தாடியை ஒதுக்கிவிட்டு, “ஏனுங்க பாப்பா, சாப்டீங்களா?” என்று யாழினியிடம் விசாரித்தார். (நம்மூர்த் தாத்தா வேறென்ன கேட்பார்?) கேக்கு வெட்டினார்கள்; யாழினியும் அண்ணன் பெண்ணும் முதல் துண்டுக்கு ஓடினார்கள். அண்ணன் வாங்கித் தந்த பிரியாணியை வயிறு முட்டத் தின்றேன். கையைக் கழுவியதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

“தலைவலி தாங்கலீங்கண்ணா. ஊட்டுக்குப் போறோம்.”

பாவம், அண்ணன் பதறிப்போய் தைலத்தை எடுத்து அவரே என் நெற்றியில் அப்பிவிட்டார்.

மேற்குப் பார்க்கில் நங்கையா டிபன் கேரியரோடு காத்திருந்தார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று வாசலில் தடுத்த காவலாளியையும் உட்காரவைத்து, ஒரு தட்டு தக்காளிச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு தட்டும் எனக்கு. மறுக்க முடியுமா? பிரியாணிக்கு மேல் தக்காளிச் சோறு ஏறி உட்கார்ந்தது.

“அத்தை, அந்தப் பார்க்குத் தாத்தா குண்டு, இந்தத் தாத்தா ஒல்லி” என்றாள் யாழினி.

“எந்தப் பார்க்கு?”

“டிவில பாத்ததைச் சொல்லுதுங்க நங்கையா.”

“அது சரி, உம்மேல என்ன தைல வாசம்?”

நல்லவேளையாக, பனி கொட்டப்போகிறது என்று மைக்கில் சொன்னார்கள். ஏசு பிறந்த வைக்கோல் கூரைக் குடிலை, ஒட்டகம் வரை ஆள் உயரச் சிலைகளோடு போட்டிருந்தார்கள். கூட்டமெல்லாம் அதன் முன்னே கூடியது. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

“ஏ யாழினி!”

அண்ணன்! அடுத்துப் பனி கொட்டும் பார்க்குக்குப் போகிறோம் என்று அண்ணன் பெண்ணின் காதில் யாழினி பீற்றிவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பெண் அழுது புரண்டு, அப்பனை இங்கே இழுத்து வந்துவிட்டது.

மூளை வேலை செய்யவில்லை, கால் செய்தது. கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினேன். குழந்தை ஏசுவிடம், “மன்னிச்சுக்க சாமி” என்று முணுமுணுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒட்டகத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மேலிருந்து சோப்பு நுரையாகப் பனி கொட்டியது. எதிரே கேமராக்கள் மின்னின.

“தங்கச்சி தலைவலின்னு போச்சு, நீங்க என்னங்க மாப்பிள்ளை இங்க?” என்று அண்ணன் கேட்பது கேட்டது.

வீட்டுக்காரர் ஒட்டகத்தையே பார்த்தபடி, “அது... படுத்திருக்குதுங்க” என்றார்.

“யாருக்குத் தலைவலி?” இது நங்கையா.

யாழினி கை நீட்டினாள். “அம்மா அங்க ஒட்டகத்துகூட இருக்குது.”

காவலாளி விசிலடித்தார். “ஏனுங்க அம்மணி, உள்ள போகக் கூடாதுங்க. வெளிய வாங்க!” (தக்காளிச் சோறு தின்ற அதே ஆள். நன்றியே இல்லை.)

தலையில் வைக்கோல், முகத்தில் நுரை, நெற்றியில் தைலம். வெளியே வந்து நின்றேன்.

“காத்தால எங்ககூடப் பிரியாணி தின்னுபோட்டு...” என்று ஆரம்பித்தார் அண்ணன்.

“பிரியாணியா? அதுக்கு மேலயா நான் போட்ட தக்காளிச் சோத்தத் தின்னா?” என்று நங்கையா அண்ணனைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

“ரெண்டு தட்டு தின்னாளுங்கக்கா.”

“இங்கயும் ரெண்டு தட்டுங்க தம்பி!”

இருவரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். முதலில் நங்கையாதான் சிரித்தார். அண்ணன் அடக்கிப் பார்த்து முடியாமல், குடிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

“அங்க பனி கொட்டுச்சுங்களா தம்பி?”

“இல்லீங்க. ஆனா பேண்டு பிரமாதமுங்க. இங்க கேக்கு உண்டுங்களா?”

“எங்க? ஆளுக்கொரு மிட்டாய். இந்தத் தாத்தாவைப் பாருங்க, காத்தடிச்சா பறந்துருவாரு.”

“வண்டியில கேக்கு இருக்குது, எடுத்துட்டு வாரேங்க. அக்கா... அன்னிக்கு மண்டபத்துல நான் எந்திரிச்சிருக்கோணுமுங்க.”

“அதைய உடுங்க தம்பி. நூலு வந்துச்சுங்களா?”

எந்தப் பார்க்குக் கிறிஸ்துமஸ் உசத்தி என்று கேக்கைத் தின்றுகொண்டே இருவரும் இருட்டும்வரை வாதாடினார்கள். முடிவு கிடைக்கவில்லை. அதற்காகவே இப்போது வருஷாவருஷம் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி இரண்டு பார்க்குக்கும் போகிறோம். என் நெற்றியில் கை போனால் போதும், ஆளாளுக்குத் தைல டப்பாவை நீட்டுகிறார்கள்.

அன்றைக்குப் பார்க்குக்காரர்கள் எடுத்த போட்டோவில் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் வீட்டில் அது டிவிக்கு மேலே. கொடுமுடியிலோ கூடத்தில் நட்டநடுவே. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுத்த கையோடு நங்கையா விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்:

“இது மாதாங்க, இது சூசையப்பருங்க, இது ஒட்டகமுங்க. ஒட்டகத்துக்குப் பின்னால இருக்கறது எங்க தம்பி பொண்டாட்டிங்க.”