நாற்பத்திரண்டு தோட்டாக்களும் ஒரு மச்சானும்

எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வளர்ந்துவரும் தொந்திக்குச் சொந்தக்காரனான அருமை மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டும் இருபத்திரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, என் மகளான உன் மருமகள் மூவரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும், உன்னைத் தாங்கும் ஆபீஸ் நாற்காலியின் சௌக்கியத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

போன மாதம் நான் போன் செய்தபோது, "அத்தான், ஆபீஸ் விஷயத்தப் போன்ல பேசக் கூடாது, எல்லாம் எழுத்துல வரும்" என்று வாயை அடைத்துவிட்டு, அக்கா இன்றைக்கு என்ன சமைத்தாள் என்று அரை மணி நேரம் விசாரித்தாய். துறைமுகத்தில் இறக்குமதிப் பெட்டிகளுக்கு முத்திரை குத்துகிறவன் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எழுத்தில்தான் வேண்டும் என்றால் எழுத்திலேயே வாங்கிக்கொள்.

உனக்குப் பெட்டி தெரியும், பெட்டிக்காகக் காத்திருக்கிறவர்களின் கஷ்டம் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் டார்கெட் தாள் மாட்டிக் குப்பை கூட்டும் ரைபிள் கிளப்பில் உன் மருமகள் சுடுவது வெளிநாட்டுத் தோட்டா. முன்பெல்லாம் லைசென்ஸ் உள்ள கடைக்காரர்கள் நாலு பேர் வரவழைப்பார்கள், ஒருத்தர் விலையை ஏற்றினால் அடுத்தவர் கடைக்குப் போய்விடுவோம் என்ற பயத்தில் நாலு பேரும் மரியாதையாக இருந்தார்கள். இந்த வருஷம் மேலே இருந்து புது விதி வந்தது. கடைக்காரர்கள் வரவழைக்கக் கூடாது, கிளப் மட்டும்தான், அதுவும் வருஷத்துக்கு இவ்வளவுதான், ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அனுமதி. உள்ளூர்த் தொழிற்சாலை வளரட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விதி வந்த மறுநாளே பழைய சரக்கு வைத்திருந்த கடைக்காரர் முகத்தில் ஒரு பொலிவு வந்தது பார், அவர் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்திருக்க மாட்டார். ஐம்பது தோட்டா உள்ள ஒரு பெட்டி விலைக்குப் போன வருஷம் ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம். இப்போது அந்தப் பணத்தோடு போனால் செருப்புக் கடையில் பங்கு கேட்கலாம். அந்த விலைக்கும் நான் துணிந்து போனபோது, "தீர்ந்துபோச்சே, நேத்தே வந்திருக்கக் கூடாதா?" என்று அவர் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

சரி, உள்ளூர்த் தோட்டாவையே சுடட்டும் என்பாய். சுட்டாள். அதே கை, அதே மூச்சு, அதே ரைபிள். ஒன்று நட்டநடுவே பத்தில் விழுகிறது, அடுத்தது ஊர் சுற்றிவிட்டு ஏழில் போய் உட்காருகிறது. போன வருஷம் தேர்வில் ஒரே ஒரு புள்ளியில் அணியில் இடம் போனது உனக்கு நினைவிருக்கும். இந்த வருஷம் தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை. அறுபது முறை சுட வேண்டும், அதற்கு முன் பழக நாலைந்து. அவள் கையில் இருக்கிற நல்ல தோட்டா மொத்தம் நாற்பத்திரண்டு.

அந்த நாற்பத்திரண்டைத் தொடாமல் பழக வேண்டுமே! அதனால் ஒரு மாதமாக வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலி ரைபிளைச் சுவரில் இருக்கிற கரும்புள்ளிக்கு நேரே பிடித்து, விசையை மட்டும் அழுத்துகிறாள். டிக். அரை நிமிஷம் மூச்சுவிடாமல் அமைதி. மறுபடி டிக். ரைபிள் காலியாக இருந்தாலும் அதன் முன்னால் யாரும் குறுக்கே போகக் கூடாது என்பது கிளப் சட்டம், அதை இப்போது வீட்டுச் சட்டமாகவும் ஆக்கிவிட்டாள். சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போக வேண்டுமானால் உன் அக்கா வாசல் வழியாக இறங்கி, வீட்டை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் பின்கதவால் வர வேண்டும். "நாலு எட்டு வைக்க நான் தெருவச் சுத்தணுமா? பெத்தது புள்ளையா, சோதனைச்சாவடியா?" என்று கத்துகிறாள். தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக அவள் ஒரு நாளைக்குப் பத்து முறை சுற்றுவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, "எந்த டாக்டர் சொன்னாருக்கா? நல்லா இளைச்சிருக்கீங்களே!" என்று கேட்டாள். உன் அக்காவும் உண்மையைச் சொல்லாமல் பெருமையாகச் சிரித்துவைத்தாள். இப்போது எதிர்வீட்டுக்காரி, அவள் நாத்தனார், முனையில் இருக்கும் தையல்காரம்மா மூன்று பேரும் துண்டோடு எங்கள் வீட்டைச் சுற்றுகிறார்கள். கூடத்தில் டிக் என்கிறது, ஜன்னலில் நாலு தலை வரிசையாகப் போகிறது. உன் மருமகள் மட்டும் கண்ணை எடுப்பதில்லை.

கிளப்பின் நிலைமை இதைவிட மோசம். முன்பு ஒரு நாளைக்கு நாற்பது தாள் மாற்றுவேன், இப்போது ஒரே தாள் மூன்று நாள் தொங்குகிறது. அதில் ஒரு சிலந்தி குடிவந்துவிட்டது. தோட்டா விலை தெரிந்த சிலந்தி, பயமே இல்லை. மூன்றாவது லேனில் கிளப் உறுப்பினரான பல் டாக்டர் படுத்துக் குறி பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார், கிட்டப் போனால் குறட்டை. எழுப்பினேன். "ஏன்யா எழுப்புன? சுடலன்னா தோட்டா மிச்சம், தூக்கமும் ஆச்சு" என்று கோபித்துக்கொண்டார்.

அவரிடம் நம் பிள்ளை சுடும் அதே ரகத் தோட்டா பதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, கிளப் பதிவேட்டில் முறையாக எழுதியே வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருபது தோட்டா கடன் கேட்க வாயைத் திறந்தேன். திறந்ததுதான் தப்பு. "அட, கடைவாய்ப் பல்லு ஆடுதே! உக்காரு உக்காரு" என்றார். மனிதர் மனது குளிரட்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு கருவியும் ஒரு குழாயும் வாய்க்குள் இருக்கும்போது, "உன் பொண்ணுக்கு எத்தன வேணும்?" என்று கேட்கிறார். நான் "ஆஆ ஆ" என்றேன். "அவ்ளோவா? ரொம்ப அதிகம்ப்பா" என்கிறார். பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்த பிறகு அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினேழுதான் இருக்கு. விலை இன்னும் ஏறும்னு சொல்றாங்க, எனக்கே பத்தாது" என்று பூட்டிவிட்டார். ஆடாத பல் ஒன்றை இழந்து, நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாகவே வீடு வந்து சேர்ந்தேன்.

விளையாட்டாக எழுதிக்கொண்டு போகிறேனே தவிர, நேற்று உன் மருமகள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. தோட்டாக்களைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நாப்பத்திரண்டையும் ஒழுங்கா சுட்டுட்டு எழுந்து வந்துடறேன். மீதிய சுடாதவள்னு எழுதட்டும், சுடத் தெரியாதவள்னு எழுத முடியாதுல்ல?" என்றாள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தேன்.

கிளப் அனுப்பிய மனு உன் ஆபீசுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் பெட்டியும் அங்கேதான் எங்கோ கிடக்கிறது. உன் மேஜையில்தான் அது தூங்குகிறது, அதன்மேல் நீ தூங்குகிறாய் என்று நான் சொன்னால், "என் தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க, அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்று உன் அக்கா பாய்கிறாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனுக்கு ரப்பர் கொடுக்கவே மூன்று நாள் யோசித்தவன் நீ என்று அவளே சொன்னதுதான். குறுக்கு வழி எதுவும் நான் கேட்கவில்லை. தூக்கத்தில் புரளும்போது எங்கள் தாள் கையில் பட்டால் அதை மேலே எடுத்து வை, அவ்வளவுதான். உன் மருமகள் முதல் பதக்கம் வாங்கிய அன்று அந்த மண்டபத்தில் தேம்பித் தேம்பி அழுதவன் நீ ஒருத்தன்தான். அந்த ஆளுக்குத்தான் இந்தக் கடிதம், முத்திரை குத்துகிற ஆளுக்கு இல்லை.

உன் கோப்புகள் குறையட்டும், தலைமுடி குறையாமல் இருக்கட்டும், வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்த உன் அத்தான்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதில் முக்கால்வாசியை மறந்துவிடு. கடைசியில் மாமாவுக்கு ஒரு வரி எழுதட்டும் என்று பிள்ளையிடம் கொடுத்தேன். வாங்கியவள் தாளைத் திருப்பினாள். "அப்பா, இத எதுலப்பா எழுதியிருக்கீங்க?" என்றாள். கிளப் செயலாளர் கால் ஒடிந்து படுத்ததிலிருந்து தபால் வாங்கி அடுக்குவது நான்தான். படித்தது மூன்றாவது வரைக்கும், இங்கிலீஷில் வருகிற அரசாங்கத் தாள் என்றாலே இன்னொரு விதி என்று அடுக்கிவிடுவேன். ஒரு பக்கம் வெள்ளையாக இருந்த மூன்று தாளை அந்த அடுக்கிலிருந்துதான் உருவினேன். பிள்ளை படித்துச் சொன்னாள், மூன்றும் சேர்ந்து ஒரே கடிதம். பெட்டி விடுவிக்கப்பட்டது, இந்த மூன்று தாளோடு நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும், இந்த வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வந்த நாட்டுக்கே திரும்பிப் போகும் என்று போட்டிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. கீழே கையெழுத்து உன்னுடையது.

ஆகவே இதைத் தபாலில் போட வழியில்லை. செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாளைக் காலை முதல் வண்டியில் நானே கொண்டுவருகிறேன். முன்பக்கத்தை உன் அதிகாரியிடம் காட்டு, பின்பக்கம் அவர் கண்ணில் படாமல் பிடித்துக்கொள்வது உன் சாமர்த்தியம். இன்னொன்று, முத்திரையை வழக்கம்போல் ஓங்கிக் குத்தாதே. மை பின்பக்கம் இறங்கினால், நான் உன்னைப் பற்றி எழுதிய ஒரே நல்ல வரி அழிந்துபோகும்.