டாஷ்போட்டில் குடியிருந்த பேய்

அடம்பன் சந்தியைத் தாண்டி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். அரை மைல் நீளத்துக்கு வாகனங்கள். அத்தனையும் பழைய டீசல் வாகனங்கள். புதிது வாங்க வழியில்லாத நாட்டில் முப்பது வயது வான்தானே புதுமாப்பிள்ளை! ஏதாவது திருவிழாவா என்று கேட்டால், "இல்லை, வாகனச்சாமியிட்ட வந்தனாங்கள்" என்பார்கள்.

மனிதரைப் பிடிக்கிற பேய்களில் வாகனச்சாமிக்கு அக்கறை கிடையாது. அது பழைய தொழில், போட்டியும் அதிகம். அவர் பிடிப்பது வாகனத்தில் ஏறுகிற பேயை. காலையில் எஞ்சின் முனகிவிட்டுப் படுக்கிறதா? இரவில் முன்விளக்கு மங்குகிறதா? புதுப் பற்றரி மூன்றாம் நாளே செத்துப்போகிறதா? கராஜுக்குப் போகாதே, அடம்பனுக்கு வா. இந்துவின் வாகனத்துக்குத் திருநீறு, கத்தோலிக்கரின் வாகனத்துக்கு மெழுகுதிரி, முஸ்லிமின் வாகனத்துக்குப் பச்சை நூல். பேய்க்கு மட்டும் மதம் இல்லை.

சோதனை கண்முன்னாலேயே நடக்கும்.

"திறப்பைத் திருப்பு தம்பி. ஸ்ராட் பண்ணக்கூடாது."

சாவியைத் திருப்புவார்கள். டாஷ்போட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

"கண்டியோ? கண்ணை முழிச்சிட்டுது!"

சனம் இரண்டடி பின்னுக்குப் போகும். சிலர் சிலுவை போட்டுக்கொள்வார்கள், சிலர் முருகனைக் கூப்பிடுவார்கள். பிறகு வாகனம் ஓர் இரவு சாமியின் தகரக் கொட்டகைக்குள் தங்கவேண்டும். உள்ளே யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. விடிந்ததும் திறப்பைத் திருப்பினால் சிவப்புக் கண்ணைக் காணோம்! ஒரே முறையில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்த பேயைச் சாமி ஒரு குடத்துக்குள் போட்டு, சிவப்புத் துணியால் வாயைக் கட்டி வைத்திருப்பார். குடத்தை ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். பேய்கள் சண்டை பிடிக்கின்றனவாம்.

நான் நடராசா. நெல்லு லொறி ஓட்டுகிறவன். சிரிக்காதீர்கள், அந்த வரிசையில் ஆறாவதாக நின்றவன் நான்.

எனக்கு முன்னால் நின்றவர் விடத்தல்தீவு பஸ்ரியன். விடியுமுன் மீனும் நண்டும் வானில் ஏற்றி மன்னாருக்குக் கொண்டுபோகிறவர். ஐஸ் உருகுமுன் போய்ச் சேரவேண்டும். மீன் நாறினால் பிழைப்பு நாறும். அந்த வானைத் தவிர அவருக்கு வேறு சொத்தில்லை.

சாமி பேய் பிடித்துக் கொடுத்த வான் மூன்று நாள் சந்தோஷமாக ஓடியது. நான்காம் நாள் படுத்தது. நாலு பேர் தள்ளி ஸ்ராட் பண்ணி, திரும்பவும் அடம்பனுக்குக் கொண்டுவந்தார் பஸ்ரியன். இம்முறை திறப்பைத் திருப்பியபோது சிவப்பு விளக்கு வரவில்லை.

"பொல்லாத பேய். கண்ணை மூடிக்கொண்டு ஒளிச்சிருக்கு" என்றார் சாமி.

கண் திறந்தால் பேய். கண் மூடினாலும் பேய். இப்படியொரு வசதி எந்த வைத்தியருக்கு உண்டு?

இன்னோர் இரவுத் தங்கல். இன்னொரு மூன்று நாள். மறுபடியும் வான் படுத்தது. சாமி கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார்.

"இந்த வான் உன்ர பேருக்குப் பொருந்தாது பஸ்ரியன். தண்ணியிலை பிழைக்கிறவனுக்கு நெருப்பிலை ஓடுற சாமான் ஆகாது. வித்துப்போடு. வாற வெள்ளி என்ர மச்சான் அனோஜன் பாதி விலைக்கு எடுப்பான். பேயையும் சேர்த்து அவன்தானே சுமக்கப்போறான்!"

என்ன தியாகம்! அந்த மச்சான் இப்படிச் சுமந்தவை ஏற்கெனவே எட்டு வாகனங்கள்.

பஸ்ரியனின் மனைவி றோசம்மா விடவில்லை. "வானை வித்துப்போட்டு மீனைத் தலையிலையோ கொண்டுபோகப் போறியள்? பேய் போயிட்டுது எண்டால் வான் ஏன் நிக்குது?"

"வாயை மூடு றோசம்மா. சாமி காரியம்."

றோசம்மா வாயை மூடினாள், கண்ணை மூடவில்லை. தினமும் விடியற்காலையில் பஸ்ரியனுக்குப் பக்கத்தில் இருந்து போகிறவள் அவள். வான் வாங்கிய முதல் நாளிலேயே அந்தச் சிவப்பு விளக்கு வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. திறப்பைத் திருப்பினால் எரியும், எஞ்சின் பிடித்ததும் அணையும். அண்மையில்தான் ஓடும்போதும் மினுங்கத் தொடங்கியது. பேய் என்றால் வாங்கிய நாளிலேயே ஏன் வந்தது?

புதன்கிழமை மன்னாருக்குப் பஸ்ஸில் போனவள் முன்வரிசையில் இருந்தாள். சாரதி திறப்பைத் திருப்பினார். அதே சிவப்பு விளக்கு.

"அண்ணை, உங்கட பஸ்ஸுக்கும் பேயோ?"

"என்ன பேய் தங்கச்சி? எல்லா வாகனத்திலையும் வரும். வராட்டித்தான் பயம்."

அவள் நேரே வாகன வயர் வேலை செய்கிற அஸாமின் கடைக்குப் போனாள். அஸாம் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை தானும் அடம்பனுக்கு வருவதாகச் சொன்னாராம்.

வெள்ளி வந்தது. அனோஜன் பத்திரத்தோடு வந்தான். பஸ்ரியன் பேனையை எடுத்தார். றோசம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சாமியைப் பார்த்தாள்.

"ஒரு கேள்வி சாமி. உங்கட ஜீப்பிலை பேய் இருக்கோ?"

சாமி முறுவலித்தார். "என்ர வாகனத்தை அண்டுமோ பிள்ளை?"

"அப்ப திறப்பைத் திருப்பிக் காட்டுங்கோ. ஸ்ராட் பண்ணாமல்."

சாமியின் முறுவல் பாதியில் நின்றது. "இண்டைக்கு நாள் சரியில்லை..."

ஆனால் மச்சான்மாருக்கு ரோசம் அதிகம். அத்தானின் வித்தையை அனோஜன் உண்மையாகவே நம்பியிருந்தான், பாவம். "எங்கட ஜீப்பிலையோ? வந்து பாருங்கோ!" என்று ஏறிக் குந்தி, திறப்பைத் திருப்பினான்.

டாஷ்போட்டில் சிவப்புக் கண் ஒன்று திறந்தது.

பின்னாலிருந்து யாரோ, "சாமி, உங்கட பேயை ஆர் பிடிக்கிறது?" என்றார். சிரிப்பு வெடித்தது. சொன்னது நான்தான். தைரியசாலி என்று நினைக்கவேண்டாம், நாற்பது பேருக்குப் பின்னால் நின்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் றோசம்மா குடத்தின் துணியை அவிழ்த்துக் கவிழ்த்தாள். பேய் வரவில்லை. விரல்நுனி அளவுள்ள சின்னச் சின்னப் பல்ப்புகள் கலகலவென்று கொட்டின.

அஸாம் முன்னுக்கு வந்து கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தார். "கொட்டகைக்குள்ளை பேய் ஓட்டேல்லை. சாமி பல்ப்பைக் கழட்டியிருக்கிறார். அந்த மூலையிலை கிடக்குது பாருங்கோ, சார்ஜர். இரவிரவாப் பற்றரியை ஏத்தினால் காலமை ஸ்ராட் வரும்தானே! பிறகு டீசல் எஞ்சின் கரண்ட் இல்லாமலே ஓடும், அதாலை உங்களுக்குத் தெரியாது. ஆனால் லைற்றும் ஸ்ராட்டரும் பற்றரியைத்தானே தின்னும்! ஓட ஓடப் பற்றரியை நிரப்பிறது ஒல்டனேட்டர். உங்கட வான்களிலை அதை எழுப்பிறதே இந்தப் பல்ப்பாலை போற கரண்ட்தான். பல்ப்பைப் பிடுங்கினால் அது நித்திரை."

சொன்னதோடு விடவில்லை. பஸ்ரியனின் வானைத் தள்ளி ஸ்ராட் பண்ணி, ஓடவிட்டுப் பற்றரியில் மீற்றரை வைத்தார். பன்னிரண்டு வோல்ற். "ஓடேக்கை பதினாலு காட்டவேணும்" என்றார். எஞ்சினை நிறுத்திப் பல்ப்பைப் பூட்டினார். ஒல்டனேட்டரைச் சுற்றுகிற பெல்ற்றை அழுத்திப் பார்த்தார். தொய்ந்துபோய்க் கிடந்தது. "வானுக்கு முதல் வந்த வருத்தம் இதுதான். சிவப்பு லைற் மினுங்கினது இதைச் சொல்லத்தான்." பெல்ற்றை இறுக்கி, திரும்பவும் தள்ளச் சொல்லி ஸ்ராட் பண்ணினார். விளக்கு அணைந்தது. மீற்றரைப் பஸ்ரியனின் கையில் கொடுத்தார்.

பதினாலு. பஸ்ரியன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே அழுதார். பத்திரத்தை அனோஜனே கிழித்துப்போட்டான்.

பொலிஸுக்குப் போவோம் என்றார்கள். றோசம்மாதான் வேண்டாம் என்றாள். "முதலிலை கழட்டினதைப் பூட்டட்டும். பிடிச்சு வைச்ச எட்டு வாகனத்தையும் திருப்பிக் குடுக்கட்டும்." சாமி காவியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலில் ஒவ்வொரு வாகனமாக ஏறி, டாஷ்போட்டுக்குள் கையை விட்டுப் பல்ப் பூட்டினார். நல்ல வேலைக்காரன்! கராஜ் போட்டிருந்தால் மரியாதையாகப் பிழைத்திருப்பான்.

எங்கள் சனமும் லேசில் திருந்துமா? என் முறை வந்தபோது பின்னால் நின்ற ஒருவர் அஸாமிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பல்ப் பூட்ட நல்ல நேரம் எது?"

"எஞ்சினை நிப்பாட்டின நேரம்" என்றார் அஸாம்.

இப்போது பஸ்ரியன் விடியற்காலையில் திறப்பைத் திருப்பிவிட்டு ஒரு கணம் பொறுக்கிறார். விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். பிறகு பக்கத்தில் இருக்கிற றோசம்மாவைப் பார்த்து, "ஏதும் சொல்லப்போறியோ?" என்று கேட்கிறார்.

நீங்களும் கேளுங்கள். பிழை நடக்கும்போது சொல்லவென்று வாகனத்தில் ஒரு சின்னப் பல்ப் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். "வாயை மூடு" என்று அவரிடம் சொல்லுமுன் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் எவனாவது குடத்தோடு நிற்பான்.